மகளுக்கு ஊர் பார்க்கும் கணக்கு

மகளுக்குக் கொல்கத்தாவில் வேலை கிடைத்ததும் என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த ஊரா? டிவி பாக்குறதில்லையா நீ?" ஊர் எவ்வளவு பாதுகாப்பு என்று பார்க்க, நான் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையை இறக்கினேன். இலவசம்தான். பட்டியல் எண்ணில் 'பி' இருந்தால் பெருநகரக் கணக்கு; மொத்தம் 19 ஊர்கள், சென்னையும் கோவையும் உண்டு.

எத்தனை வழக்கு என்று பார்க்காதீர்கள், லட்சம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள். கொல்கத்தாவுக்கு 86.5, இருப்பதிலேயே குறைவு. அடுத்து வரும் புனேக்கே 280.7. அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். "போலீஸ் எழுதினாத்தானேடா கணக்கு?" என்றார்.

சரியான கேள்வி. திருச்சியில் என் செல்போனைப் பறித்துக்கொண்டு ஒருத்தன் ஓடியபோது, ஸ்டேஷனில் "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க சார்" என்றார்கள். எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்று மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு வீடு திரும்பினேன். எஃப்.ஐ.ஆர். ஆகாத எதுவும் இந்த அறிக்கையில் ஏறாது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2020இல் நாட்டில் குற்றம் 28 சதவீதம் கூடியது. திருடர்கள் பெருகிவிடவில்லை, ஊரடங்குதான். அரசு உத்தரவை மீறியதற்கான 188ஆம் பிரிவு வழக்குகள் மட்டும் 29,469லிருந்து 6,12,179 ஆயின.

அதனால் மறைக்க முடியாததைப் பாருங்கள். வண்டித் திருட்டு ஓரளவு நம்பலாம், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராதே. கொலைக் கணக்கு இன்னும் உறுதி. ஆனால் அதில் காரணப் பட்டியலையும் படியுங்கள்: 2022இல் நாடு முழுக்க நடந்த 28,522 கொலைகளில் 9,962 தகராறில் நடந்தவை. ராத்திரி தனியாக நடந்து வரும் பெண்ணைப் பற்றி அது அதிகம் சொல்லாது.

எந்த போலீஸ் எல்லை என்பதையும் விசாரியுங்கள்; ஊர்ப் பெயரில் வரும் கணக்கு நீங்கள் பார்க்கும் இடத்தைச் சொல்லாமல் போகலாம். மகளின் அலுவலகம் இருக்கும் சால்ட் லேக் பகுதி பிதான்நகர் போலீஸ் கமிஷனரேட்டில் வருகிறது, கொல்கத்தா போலீஸில் இல்லை. நம் தாம்பரமும் ஆவடியும்கூட 2022 முதல் தனி கமிஷனரேட்தான்.

கடைசியில் நேரில் போய் நிற்க வேண்டியதுதான், பகலில் அல்ல. இரண்டு அறை பார்த்திருந்தோம். இரவு ஒன்பதரைக்கு இரண்டு தெருவிலும் நடந்தோம். அமைதியான தெருவில் நீளமாக ஒரு மதில், நாய், நாங்கள். இரைச்சலான தெருவில் டீக்கடை, பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள், ஒரு மருந்துக் கடை. ஷட்டரை எப்போது இறக்குவீர்கள் என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். பதினொன்றரை என்றார். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.