பாய்லர் ரூம் படத்த புரிஞ்சு பாக்கணும்னா

2000ல பென் யங்கர் எடுத்த பாய்லர் ரூம் பாக்கப்போறீங்கன்னா மொதல்ல பம்ப் அண்ட் டம்ப்னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா பாதி படம் வெறும் போன் பேச்சாத்தான் தெரியும். ஒண்ணுத்துக்கும் உதவாத கம்பெனி ஷேர உள்ளாளுங்க சல்லிசா வாங்கி வச்சுக்குவாங்க, அப்புறம் புரோக்கர் பசங்க போன்ல ஆசை காட்டி ஜனங்க தலைல கட்டுவாங்க, விலை ஏறுனதும் உள்ளாளுங்க வித்துட்டு கழண்டுக்குவாங்க, ஷேர் அதல பாதாளத்துக்கு போயிரும்.

பென் அஃப்லெக் புதுப்பசங்கள உக்கார வச்சு பேசுற சீன்ல கேக்குறவனுங்க மூஞ்சிய பாருங்க. முக்கியமா, வீடு வாங்க சேத்த காச இழக்குற ஹாரி வர்ற சீன்கள ஸ்கிப் பண்ணவே பண்ணாதீங்க, எனக்கு படத்தோட உயிரே அந்த மனுஷன்தான். புரோக்கர் வேலைக்கு சேர்ற ஹீரோ பேரு சேத் (Seth), அவனோட அப்பா ஒரு ஜட்ஜ்ங்கிறதையும் மறந்துராதீங்க, அவன் ஓட்டத்துல பாதி அவர்கிட்ட நல்ல பேர் வாங்கத்தான்.