பழைய போட்டோவில் இருப்பது எந்த விமானம்? ஆள் ஏமாறும் இடங்கள்

மீனம்பாக்கம் பக்கம் எடுத்த பழைய படம், இரட்டை இறக்கை. போதும், ‘டைகர் மாத்’ (பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் ‘மாத்’ குடும்பத்துப் பயிற்சி விமானம்) என்று எழுதிவிடுவார்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான். மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் ஆரம்பித்தது 1930-இல். டைகர் மாத் முதன்முதலாகப் பறந்ததே 1931 அக்டோபரில். அதற்கு முந்தைய படம் என்றால் அது அதே குடும்பத்தின் மூத்த விமானமான ஜிப்ஸி மாத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தேதி தெரியாதபோது மூக்கைப் பாருங்கள். ஜிப்ஸி மாத்தில் இன்ஜின் நேராக நிற்கும். சிலிண்டர் தலைகள் மேலே துருத்தும், புரொப்பெல்லரின் மையம் தாழ்ந்திருக்கும். டைகர் மாத்தில் இன்ஜின் தலைகீழ். மையம் மேலே ஏறிவிடும், மூக்கின் மேல்பக்கம் வழுவழுவென்று சரியும். இதோடு நிறுத்தினாலும் வம்புதான், ஏனென்றால் ஜிப்ஸி மாத்தின் பிந்தைய வடிவமான மாத் மேஜருக்கும் தலைகீழ் இன்ஜின்தான். அதன் இறக்கைகள் நேராக இருக்கும். டைகர் மாத்திலோ, முன் இருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியேற வழிவிட்டு மேல் இறக்கையை முன்னுக்குத் தள்ளினார்கள். எடைச் சமநிலைக்காக இறக்கைகளைப் பின்பக்கம் சாய்த்தார்கள். மேல் இறக்கை நடுவிலுள்ள பெட்ரோல் டேங்கை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இந்தக் குடும்பத்துக்கே பொது.

நிறத்தை நம்பாதீர்கள். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுத்தும் விழும். பயிற்சி விமானங்களின் மஞ்சள்கூட இருண்டுவிடும். போர் விமானங்களில் வரைந்த பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பே இல்லையா? பிலிமைக் குறை சொல்லும் முன் ஆண்டைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமலிருக்க, இந்தப் பகுதியில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள்.

நெகட்டிவைத் திருப்பிப் போட்ட படங்களும் உண்டு. இந்தியப் பதிவெண்ணின் வி (V), டி (T), ஏ (A) ஆங்கில எழுத்துகள் மூன்றும் கண்ணாடியில் மாறாதவை. தனித்தனியாகப் பார்த்தால் தப்பே தெரியாது, வரிசைதான் காட்டிக்கொடுக்கும். அதுவும் தெளிவாக இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் ஆளைப் பாருங்கள்: சட்டைப் பை வலது மார்பில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஸ்கேன் செய்வதில்தான் பாதி விஷயம் தொலைகிறது. போஸ்ட்கார்டு அளவுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), அதைவிடச் சின்னப் பிரிண்டுக்கு 1200. மொபைல் ஆப் கொண்டு ‘தெளிவாக்கிய’ படத்தில் பதிவெண்ணைப் படிக்கவே கூடாது. மங்கிய இடத்தில் ஆப் தானாகக் கோடு போடும். ‘எஃப்’ நொடியில் ‘இ’ ஆகிவிடும். படிக்க முடியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

கேபின் உள்ள ஒற்றை இறக்கை விமானங்களில் பஸ் மாத்தும் லெப்பர்ட் மாத்தும் அடிக்கடி இடம் மாறும். லெப்பர்ட் மாத்தின் இறக்கை நுனி நோக்கிக் குறுகும். பஸ் மாத்தில் அகலம் ஒரே சீர். 1932 அக்டோபரில் டாடா விமானத் தபாலை மெட்ராஸ் வரை கொண்டுவந்தது பஸ் மாத். லெப்பர்ட் மாத் பறந்ததே 1933-இல்.

1958-க்குப் பிந்தைய கிளப் படங்களில் இந்தியாவில் செய்த புஷ்பக்கை, அமெரிக்கச் சிறு விமானமான பைப்பர் கப் என்று எழுதுவது இன்னொரு வழக்கம். புஷ்பக்கில் இருவரும் அருகருகே உட்காருவார்கள். கப்பில் ஒருவர் பின் ஒருவர்.

பின்பக்கத்தில் ‘செங்குன்றம்’ என்றிருந்து, தண்ணீரில் விமானம் மிதந்தால் அங்குள்ள ஏரியில் இறங்கிய போர்க்காலப் பறக்கும் படகு கேட்டலினாவா என்று முதலில் பாருங்கள். உடலுக்கு மேலே தூக்கி நிறுத்திய இறக்கையில் இரண்டு இன்ஜின் இருக்கும். நான்கு இன்ஜினும் உயரமான வயிறும் இருந்தால் இன்னொரு பறக்கும் படகான சண்டர்லேண்ட். பின்பக்கக் குறிப்பு பல வருடம் கழித்து வேறொருவர் எழுதியதாகவும் இருக்கும். மை, கையெழுத்து, ஸ்டூடியோ முத்திரை மூன்றையும் சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.