ஃபைட்டர் மீனுக்கு வால் கிழிந்தால், அழுகினால்: உப்பு போடும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

ஃபைட்டர் மீனின் வால் ஓரம் அரித்துப்போனால் மீன் கடைக்காரரிலிருந்து பக்கத்து வீட்டுப் பையன் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் கல் உப்பு போட்டு விடுங்க." சிறுவாணித் தண்ணீர் வரும் கோயம்புத்தூரில் இந்த யோசனை பெரும்பாலும் பலிக்கும். ராமநாதபுரம் கடலோரத்தில், கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ மண்டபத்திலோ தொட்டியில் போர் தண்ணீர் இருந்தால் அதே யோசனை மீனைக் கொன்றுவிடலாம், ஏனென்றால் அந்தத் தண்ணீரில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதனால் இந்தக் கரையில் வைத்தியம் தண்ணீரை அளப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபைட்டர் மீன் தாய்லாந்துப் பக்கத்து வயல்கள், சதுப்புகள், ஓடைகளில் வாழும் நன்னீர் மீன். கடலோரத்தில் வளர்ப்பதால் அது கடல் மீனாகிவிடாது. "கடல் தண்ணீரில் ஒரு டம்ளர் கலந்தால் போதுமே" என்று நினைக்காதீர்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கூடவே மெக்னீசியமும் கால்சியமும், கரையோரத்தில் எடுத்தால் படகு டீசலும் சாக்கடையும் சேர்ந்து வரும்.

வாங்கி வைக்க வேண்டியவை

டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) ஒன்று, கண்ணாடி வெப்பமானி ஒன்று, அம்மோனியாவும் (மீன் கழிவிலிருந்து சேரும் விஷம்) பிஎச்சும் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) பார்க்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி, கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. 5 லிட்டர் கொள்ளும் புதிய பிளாஸ்டிக் டப்பா, மூடியோடு. சோப்பு பட்ட பழைய டப்பா வேண்டாம். குளோரின் நீக்கும் சொட்டு மருந்து. அயோடின் சேர்க்காத, வேறு எதுவும் கலக்காத கல் உப்பு. வாலிநோக்கம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது கஷ்டமில்லை. கரண்டிக் கணக்கு வேண்டாம். கல் உப்பின் பரல் பெரிதாக இருந்தால் ஒரு கரண்டியில் 4 கிராம் நிற்கும், பொடியாக இருந்தால் 6 கிராம் நிற்கும். இவ்வளவு சின்ன டப்பாவில் அந்த வித்தியாசம் பெரிது.

படி 1: கிழிசலா, அழுகலா?

வெளிச்சத்தில் மீனைப் பக்கவாட்டில் படம் எடுங்கள். தினமும் அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்தால் ஒப்பிட வசதி.

துடுப்பு நேர்க்கோட்டில் பிளந்திருக்கிறது, ஓரத்தில் நிறம் மாறவில்லை, மீன் சுறுசுறுப்பாகச் சாப்பிடுகிறது என்றால் அது கிழிசல். பிளாஸ்டிக் செடியிலோ ஃபில்டர் உறிஞ்சும் வாயிலோ மாட்டியிருக்கும். காலையில் முழுதாக இருந்த வாலில் மாலையில் அரைவட்டமாக ஒரு துண்டு காணவில்லை என்றால் மீனே கடித்திருக்கும். கனமான வாலுள்ள ஹாஃப்மூன் வகைகளில் இது சகஜம். இந்த இரண்டுக்கும் மருந்து வேண்டாம். சுத்தமான தண்ணீரே போதும்.

அழுகல் மெதுவாகத் தேயும். ஓரம் பிசிறு பிசிறாக, கருத்தோ சிவந்தோ வெளுத்தோ இருக்கும். நாளுக்கு நாள் உடலை நோக்கி நகரும், துடுப்புகள் உடலோடு ஒட்டி மடங்கியிருக்கும். ஆனால் சில மீன்களுக்குப் பிறவியிலேயே ஓரம் கருப்பு. பழைய படத்தைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

புதிதாக மீன் வளர்ப்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வளர்ந்து வரும் புதுத் துடுப்பு நிறமில்லாமல் கண்ணாடி போல, மெல்லிய படலமாக இருக்கும். அதை "வெள்ளைப் பூஞ்சை" என்று எண்ணி மருந்தைக் கூட்டினால் ஆறிவரும் இடத்தையே கெடுத்துவிடுவீர்கள்.

படி 2: தண்ணீரை அளப்பது

தொட்டித் தண்ணீரில் நான்கு அளவுகள் எடுங்கள்: வெப்பம், பிஎச், அம்மோனியா, டிடிஎஸ். குறித்து வையுங்கள்.

அம்மோனியா பூஜ்யத்துக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் நோயின் வேர் பெரும்பாலும் அதுதான். நம் பக்கத்தில் இது மேலும் கடுமை. ஒரே அளவு அம்மோனியா பிஎச் 7 உள்ள தண்ணீரில் இருந்தால் அதில் 1 சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8-க்கு ஏறி, வெப்பம் 30 டிகிரி ஆனால் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும், கிட்டத்தட்ட பத்து மடங்கு. கடலோரத்துக் கடினமான போர் தண்ணீரும் சித்திரை வெயிலும் சேரும்போது நடப்பது இதுதான். முதலில் செவுளும் துடுப்பு ஓரமும் புண்ணாகும். எப்போதும் தண்ணீரில் இருக்கும் பாக்டீரியா அந்தப் புண்ணில் குடியேறும். மருந்து பாக்டீரியாவை அடிக்கும், அம்மோனியாவைத் தொடாது. அதனால்தான் மருந்தை நிறுத்திய வாரமே அழுகல் திரும்பி வருகிறது.

டிடிஎஸ் 150-லிருந்து 300 வரை இருந்தால் நிம்மதி. 500 வரை சமாளிக்கலாம். 1000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் உப்பு வைத்தியம் செய்யவே கூடாது. லிட்டருக்கு 1 கிராம் உப்பு போட்டால் பேனா ஏறக்குறைய 1000 கூடுதலாகக் காட்டும். ஏற்கெனவே 1500 உள்ள தண்ணீரில் 2 கிராம் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

படி 3: சிகிச்சைத் தண்ணீர் தயாரிப்பது

காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் வீடுகளுக்கு வேலை சுலபம். அந்தத் தண்ணீரைக் குளோரின் நீக்கும் மருந்து போட்டோ, திறந்த வாளியில் ஒரு நாள் முழுக்க வைத்தோ பயன்படுத்துங்கள். சின்டெக்ஸ் தொட்டியில் போர் தண்ணீரோடு கலந்துவிட்டதா என்று பார்க்க பேனாவை ஒருமுறை முக்கினால் போதும்.

போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் கேன் தண்ணீர் வாங்கிக் கலக்க வேண்டும். கேன் தண்ணீரை மட்டுமே தனியாகப் பயன்படுத்தாதீர்கள். ஆர்ஓ இயந்திரம் உப்போடு சேர்த்து பிஎச்சைப் பிடித்து வைக்கும் தாதுக்களையும் எடுத்துவிடும், அதனால் சில நாளில் பிஎச் சரியும். மூன்று லிட்டர் கேன் தண்ணீரில் கால் லிட்டர் போர் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். 150-லிருந்து 300-க்குள் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வந்த விகிதத்தை டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் கிணற்று உப்பு குறையும், ஆனி ஆடியில் ஏறும். அதனால் மாதம் ஒருமுறை விகிதத்தைச் சரிபாருங்கள்.

படி 4: டப்பாவுக்கு மாற்றி உப்பு கொடுப்பது

5 லிட்டர் டப்பாவில் 4 லிட்டர் தண்ணீர். உயரம் ஒரு சாண் தாண்ட வேண்டாம். ஃபைட்டர் மீன் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன், பலவீனமானது ஆழத்திலிருந்து ஏறிவரத் திணறும். மூடியில் நாலைந்து துளை போட்டு மூடி வையுங்கள், இந்த மீன் நன்றாகத் துள்ளும். மறைந்துகொள்ள ஒரு மென்மையான இலைச்செடியோ சின்ன மண் குவளையோ போதும். மணல், கூழாங்கல் வேண்டாம்.

பழைய தொட்டியின் டிடிஎஸ்ஸும் புதுத் தண்ணீரின் டிடிஎஸ்ஸும் பல நூறு விலகியிருந்தால் மீனைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் புதுத் தண்ணீராக, ஒன்றரை மணி நேரம் எடுத்துப் பழக்குங்கள்.

முதல் நாள் காலை 4 கிராம் உப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, மீன் இல்லாத மூலையில் மெல்ல ஊற்றுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து மீன் இயல்பாக இருந்தால் இன்னொரு 4 கிராம். இப்போது லிட்டருக்கு 2 கிராம் ஆகிவிட்டது, இதற்கு மேல் அழுகலுக்குத் தேவையில்லை. மீன் தாறுமாறாகப் பாய்ந்தாலோ பக்கவாட்டில் சாய்ந்தாலோ உடனே பாதித் தண்ணீரை எடுத்து உப்பில்லாத தண்ணீர் ஊற்றுங்கள்.

இந்த டப்பாவில் ஃபில்டர் கிடையாது, அம்மோனியா தினமும் சேரும். அதனால் தினமும் 2 லிட்டர் எடுத்து, 4 கிராம் உப்பு கரைத்த புது 2 லிட்டர் ஊற்ற வேண்டும். எடுத்த தண்ணீருக்கு உரிய உப்பு மட்டும் போட வேண்டும். பலர் ஒவ்வொரு நாளும் முழு 8 கிராமையும் போட்டுவிடுகிறார்கள். டப்பாவில் மிச்சம் 4 கிராம் இருக்கும்போது 8 சேர்த்தால் மறுநாள் லிட்டருக்கு 3 கிராம், அதற்கு மறுநாள் 3.5. "நாலு நாள் நன்றாக இருந்தது, திடீரென்று செத்துப்போனது" என்பதன் பின்னால் பல சமயம் இந்தக் கணக்குதான் இருக்கும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவது உப்பில்லாத தண்ணீராக இருக்கட்டும், உப்பு ஆவியாவதில்லை.

ஏழு நாள், மிஞ்சினால் பத்து நாள். பிறகு மூன்று நாளில் உப்பில்லாத தண்ணீரால் மாற்றி மாற்றி இறக்குங்கள்.

வெப்பம்

26-லிருந்து 28 டிகிரி நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மதியம் 33 தொடும். அப்போது பாக்டீரியா வேகமாகப் பெருகும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். டப்பாவைத் தரையில், சுவரோரமாக வைத்து ஈரச் சாக்கைச் சுற்றி மின்விசிறிக் காற்று படச் செய்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள். இணையத்தில் "வெப்பத்தை 30-க்கு ஏற்றுங்கள்" என்று படித்தால் அது வெள்ளைப் புள்ளி நோய்க்கான அறிவுரை. அழுகலுக்கு அது எண்ணெய் ஊற்றுவது போல.

பாதாம் இலை

கடற்கரையோர வீடுகளில் குடை மாதிரி விரிந்து நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் இலைதான் கடையில் பாக்கெட்டில் விற்பது. தானாக உதிர்ந்து, செம்பழுப்பாகக் காய்ந்த இலை வேண்டும், பச்சை இலை ஆகாது. கடல்காற்றில் உப்புப் படிந்திருக்கும் என்பதால் நன்றாகக் கழுவுங்கள். 4 லிட்டருக்குக் கால் இலை. தண்ணீர் தேநீர் நிறமாகும், அது சரிதான். இது லேசான துணை. முற்றிய அழுகலை இது மட்டும் நிறுத்தாது. மஞ்சள் தூளும் வேப்பிலையும் போடச் சொல்வார்கள். மஞ்சள் கரையாமல் செவுளில் படியும், வேப்பிலைச் சாறு அளவு மீறினால் மீனுக்கே விஷம்.

உப்புக்கு அடங்காவிட்டால்

ஐந்து நாளில் தேய்வது நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றாலோ, உடலை எட்டிவிட்டது என்றாலோ மெத்திலீன் ப்ளூவை டப்பாவில் மட்டும், புட்டியில் எழுதிய அளவில் கொடுக்கலாம். பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் சாகும்.

டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துப் போடும் பழக்கம் பரவலாக உள்ளது. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், மீனுக்குப் பெரிதாக ஒன்றும் போய்ச் சேராது. நம் போர் தண்ணீரில் அது காசுக்குக் கேடு, எதிர்ப்புச் சக்தி கொண்ட கிருமிக்குப் பயிற்சி. ஆன்டிபயாடிக் வேண்டிய நிலை என்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுங்கள். மீன் நோய் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை என்றால் தூத்துக்குடியில் உள்ள மீன்வளக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

அழுகல் போலத் தோன்றும் மற்றவை

முதுகில் சேணம் வைத்தது போல வெளிறிய பட்டை, வாயில் பஞ்சு: இது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். பூஞ்சை அல்ல. வெயில் காலத்தில் ஓரிரு நாளில் கொன்றுவிடும். வெப்பத்தை 25-ஐ ஒட்டி இறக்கி, அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

உப்புப் பரல் தூவியது போன்ற புள்ளிகள் வெள்ளைப் புள்ளி நோய். மருந்து, ஒட்டுண்ணி நீந்தும் பருவத்தில்தான் வேலை செய்யும். அதனால் புள்ளி மறைந்தபின்னும் சிகிச்சை தொடர வேண்டும், மொத்தம் பத்து நாளாவது.

இருட்டில் டார்ச் அடித்தால் உடலில் பொன்துகள் மின்னுவது வெல்வெட் நோய். அதற்குத் தனி மருந்து உண்டு. தொட்டியைக் கருப்புத் துணியால் மூடினால் ஒளியை நம்பி வாழும் அந்த ஒட்டுண்ணி பலவீனமாகும்.

வயிறு உப்பி, மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் சிலிர்த்து நின்றால் நீர்க்கோவை. மருந்துக்கடையில் கிடைக்கும் பேதி உப்பை லிட்டருக்கு 1 கிராம் கொடுத்து வீக்கத்தைக் குறைக்கப் பார்க்கலாம், ஆனால் பிழைப்பது அரிது. செதில் சிலிர்க்காமல் வயிறு மட்டும் உப்பினால் அநேகமாக மலச்சிக்கல்தான், இரண்டு நாள் பட்டினி போடுங்கள்.

சாப்பாடும் திரும்பும் நாளும்

சிகிச்சையில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று குருணை, மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். சாப்பிடாத மீனுக்குச் சுத்தமான வாளியில் பிடித்த கொசுப்புழு நாலைந்து கொடுத்தால் பெரும்பாலும் வாய் திறக்கும். சாக்கடைப் புழு வேண்டாம், வாளியில் மிச்சமானதைக் கொட்டி வெயிலில் கவிழ்த்துவிடுங்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரில் விடாதீர்கள். சில மீன் கிருமிகள் மனிதத் தோலிலும் புண் உண்டாக்கும். நோய் மீனுக்குப் பயன்படுத்திய வலையை இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். பிழைக்காது என்று தோன்றும் மீனை ஊருணியிலோ கோயில் குளத்திலோ விடக் கூடாது, அங்குள்ள மீன்களுக்கு நோய் போகும்.

தேய்வது நின்று ஓரத்தில் கண்ணாடிப் படலம் தெரிந்தபின்தான் பழைய தொட்டிக்குத் திருப்ப வேண்டும். அதற்குள் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றி, அடியில் படிந்த கசடை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். தொட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொருளின் மேலும் பழைய நைலான் துப்பட்டாவை இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டும் பொருள் வாலையும் கிழிக்கும். முழு வால் வளர ஒன்றிரண்டு மாதம் ஆகும். உடலோடு ஒட்டிய அடிப்பகுதி வரை அழுகிப்போன இடத்தில் அது மீண்டும் முளைக்காமலே போகலாம்.