கியாந்சே பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திபெத்தின் தென்பகுதியில், நியாங் சூ ஆற்றின் பள்ளத்தாக்கில், பார்லி வயல்களுக்கு நடுவே அமைந்திருக்கும் கியாந்சே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சிற்றூர். லாசாவுக்கும் ஷிகாட்சேவுக்கும் அடுத்து திபெத்தின் மூன்றாவது பெரிய நகரமாக இது ஒரு காலத்தில் கருதப்பட்டது. இந்தியாவிலிருந்து சிக்கிம் வழியாக லாசாவுக்குச் சென்ற கம்பளி வணிகப் பாதை இந்த ஊரைத் தொட்டே சென்றது. அந்தப் பாதை அடைபட்ட பிறகு வணிகம் வேறு இடங்களுக்குப் போய்விட்டது. 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லாசா–ஷிகாட்சே ரயில் பாதையும் இவ்வூரைத் தொடாமல் சாங்போ ஆற்றை ஒட்டியே செல்கிறது. அதனால் இன்றும் அமைதியாகவே இருக்கும் இவ்வூருக்குச் செல்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அவசரத்தால் விளைபவை.

முதல் தவறு பயணத் திட்டத்திலேயே தொடங்குகிறது. எவரெஸ்ட் அடிவார முகாமுக்கோ கயிலாயத்துக்கோ லாசா வழியாகச் செல்பவர்களின் அட்டவணையில், காலையில் யாம்ட்ரோக் ஏரி, மதியம் காரோ லா பனியாறு, மாலையில் கியாந்சேயில் ஒன்றரை மணி நேரம், இரவு ஷிகாட்சே என்று ஒரே நாளில் அனைத்தும் அடைக்கப்பட்டிருக்கும். சுமார் 4,800 மீட்டர் உயரமுள்ள கம்பா லா கணவாயையும் 5,000 மீட்டரைத் தாண்டும் காரோ லா கணவாயையும் கடந்து, தலை கனத்து வந்து இறங்கும் ஒருவரால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எதையும் உள்வாங்கிக்கொள்ள முடியாது. கியாந்சேயில் ஓர் இரவு தங்கும்படி அட்டவணையை மாற்றித்தருமாறு முகவரிடம் முன்பே கேட்டுப் பெறுவது நல்லது. எல்லா விடுதிகளும் வெளிநாட்டவரை ஏற்கும் என்று சொல்ல முடியாது என்பதால், அங்கே போய் இறங்கிய பின் அறை தேடிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம்.

அனுமதிச் சீட்டு தொடர்பான தவறுகள் பயணத்தையே நிறுத்திவிடக்கூடியவை. சீன விசா மட்டும் போதாது. திபெத் பயண அனுமதிச் சீட்டு தனியாக வேண்டும். அதை நாமே நேரடியாகப் பெற இயலாது, பதிவுபெற்ற பயண முகவர் வழியாகவே பெற முடியும். அது இல்லாமல் லாசா விமானத்திலோ ரயிலிலோ ஏற விடமாட்டார்கள். பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் முடியும் வரை இந்த அனுமதி பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்படும் என்பதை அறியாமல் விமானச் சீட்டு வாங்கிவிடுபவர்கள் உண்டு. நேபாளம் வழியாக நுழைவதாக இருந்தால் காத்மாண்டுவில் குழு விசா எடுக்க வேண்டியிருக்கும். கடவுச்சீட்டில் ஏற்கெனவே இருக்கும் தனிநபர் சீன விசா அப்போது ரத்தாகிவிடக்கூடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பள்ளத்தாக்குதானே என்று உயரத்தைக் குறைத்து மதிப்பிடுவது. சுற்றிலும் மலைகள் எழுந்து நிற்க, நடுவே தட்டையான வயல்வெளி விரிந்து கிடப்பதால், தாழ்வான ஓரிடத்துக்கு வந்துவிட்டதாகவே கண் நம்பிவிடும். ஆனால் கியாந்சே லாசாவைவிட 300 மீட்டருக்கும் மேல் உயரத்தில் உள்ளது. மூச்சில் கிடைக்கும் உயிர்வாயு கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். ரயிலில் வந்தால் உடல் தானாகப் பழகிவிடும் என்பதும் பரவலான தவறான நம்பிக்கை. சீனிங்கிலிருந்து புறப்படும் ரயில் ஒரே நாளுக்குள் 5,072 மீட்டர் உயரமுள்ள டாங்குலா கணவாயைக் கடந்து லாசாவில் இறக்கிவிடுகிறது. உடல் பழக அந்த அவகாசம் போதாது. லாசாவில் குறைந்தது இரண்டு மூன்று இரவுகள் ஓய்வாகத் தங்கிய பிறகே கியாந்சே நோக்கிப் புறப்பட வேண்டும். உயரத்தால் வரும் மலை நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் போன்ற மாத்திரைகளை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். சல்பா மருந்துகளால் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மதுவையும் தூக்க மாத்திரையையும் முதல் நாள்களில் தொடவே கூடாது.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மலை நோய் முற்றினால் உடனே கீழே இறங்குவதே சிறந்த சிகிச்சை என்பார்கள். ஆனால் கியாந்சேயிலிருந்து இறங்குவதற்கு அருகில் தாழ்வான இடம் இல்லை. ஷிகாட்சே 3,800 மீட்டருக்கும் மேல், லாசா 3,650 மீட்டர். லாசாவுக்குத் திரும்பும் நேர்வழியோ மீண்டும் காரோ லா, கம்பா லா கணவாய்களின் மேலேறிச் செல்வது. ஆகவே தலைவலியும் குமட்டலும் லாசாவிலேயே தணியாமல் இருக்கும்போது, எல்லாரும் கிளம்புகிறார்களே என்று வண்டியில் ஏறிவிடக் கூடாது. ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அதை அசதி என்று ஒதுக்காமல் உடனே வழிகாட்டியிடம் சொல்லி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நேரக் கணக்கிலும் சிலர் ஏமாறுகிறார்கள். சீனா முழுவதும் பெய்ஜிங் நேரமே நடப்பில் உள்ளதால், கியாந்சேயில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் ஏறத்தாழ பிற்பகல் இரண்டு மணி ஆகியிருக்கும். காலை ஆறு மணிக்கு எழுந்து வெளியே வந்தால் கும்மிருட்டும் கடுங்குளிரும்தான் எதிர்ப்படும். கடவுச்சீட்டைப் போலவே கைவிளக்கையும் எப்போதும் உடன் வைத்திருங்கள். அது கும்பும் கோயிலுக்கு உள்ளேயும் தேவைப்படும்.

1418இல் நிறுவப்பட்ட பெல்கோர் சோடே மடாலயத்தின் வளாகத்தில், 1427இல் கட்டத் தொடங்கப்பட்ட கும்பும் என்னும் பெருந்தூபிதான் இவ்வூரின் உயிர். அடுக்கடுக்காக மேலே குறுகிச் செல்லும் அதன் தளங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட சிறு கோயில் அறைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சுதைச் சிற்பங்களும், நேபாள நேவார் மரபின் சாயலைக் காட்டும் பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களும் இருக்கின்றன. பலர் செய்யும் தவறு, மேலிருந்து தெரியும் காட்சிக்காக நேரே உச்சிக்கு ஏறிவிடுவது. இந்தத் தூபி, ஒவ்வொரு தளத்தையும் இடமிருந்து வலமாகச் சுற்றி, அறை அறையாக நுழைந்து, எளிய தெய்வ வடிவங்களிலிருந்து நுட்பமான தந்திர வடிவங்களை நோக்கிப் படிப்படியாக மேலேறுவதற்காக வகுக்கப்பட்டது. எல்லா அறைகளையும் பார்க்க முடியாவிட்டால், முதல் இரண்டு தளங்களையாவது நிதானமாகப் பார்ப்பது, மூச்சிரைக்க மொட்டை மாடியை எட்டுவதைவிடப் பன்மடங்கு மேலானது என்பது என் உறுதியான கருத்து. ஓவியம் தீட்டியவர்களின் பெயர்களையே கல்வெட்டுப் போலச் சுவரில் எழுதி வைத்திருக்கும் இடம் இது. திபெத்தியக் கலையில் அப்படிக் கிடைப்பது அரிது.

அறைகளுக்குள் படமெடுக்கக் கட்டணம் உண்டா, தடையா என்று முதலில் கேட்டுவிட வேண்டும். அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் போடக் கூடாது. தொப்பியைக் கழற்றுங்கள், வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்லுங்கள், சிலைகளைத் தொடாதீர்கள், அமரும்போது பாதங்களைச் சன்னிதியை நோக்கி நீட்டாதீர்கள். நம் கோயில்களில் பழகியவர்களுக்கு இவை எவையும் புதியன அல்ல. வலம் வரும் முதியவர்களுக்கு வழிவிட்டு நடந்தால் போதும், அவர்களே புன்னகைத்து உங்களைத் தம்மோடு சேர்த்துக்கொள்வார்கள்.

ஊருக்கு நடுவே பாறைமேல் நிற்கும் கோட்டையை வெறும் படத்துக்குரிய பின்னணியாகக் கொள்வதும் தவறு. 1904 ஜூலை 6 அன்று பிரித்தானிய அதிகாரி யங்ஹஸ்பண்ட் தலைமையில் நடந்த படையெடுப்பின்போது பிரித்தானியப் படை அதைத் தாக்கிக் கைப்பற்றியது. அந்தப் படையில் பெரும்பாலானோர் சீக்கியரும் கூர்க்காக்களுமான இந்திய ராணுவ வீரர்கள். அதற்கு முன் மார்ச் 31 அன்று, குரு என்னும் இடத்தில், பழைய துப்பாக்கிகளும் வாள்களும் ஏந்திய நூற்றுக்கணக்கான திபெத்தியர்கள் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இரையாகியிருந்தனர். அதன் பின் கியாந்சேயில் அமைந்த பிரித்தானிய வணிக முகமையும் அதன் காவல் படையும் 1947க்குப் பிறகு இந்தியாவின் பொறுப்புக்கு வந்தன. 1954 ஏப்ரலில் கையெழுத்தான இந்திய–சீன ஒப்பந்தப்படி காவல் படையைத் திரும்பப் பெற இந்தியா ஒப்புக்கொண்டது; அதே ஆண்டு கோடையில் வந்த பெருவெள்ளம் முகமைக் கட்டடத்தை அடித்துச் சென்றது. இந்தியராக அந்தக் கோட்டையின் கீழ் நிற்கும்போது இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது. கோட்டை சில வேளைகளில் மூடியிருக்கும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துவிட்டு, படிகளை மெதுவாக ஏற வேண்டும்.

உணவு பற்றிச் சுருக்கமாக: சைவம் உண்பவர்கள் காய்கறித் துக்பா என்னும் நூடுல்ஸ் சூப் கேட்டாலும் அதன் சாறு இறைச்சியில் கொதித்ததாக இருக்கலாம், வழிகாட்டி மூலம் சமையலறையில் தெளிவாகச் சொல்லச் செய்யுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 87 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், பிரஷர் குக்கரில் வேகாத சோறு நறுக்கரிசியாகவே இருக்கும். வாட்ஸ்அப்பும் கூகுளும் சீன இணையத்தில் முடக்கப்பட்டுள்ளதால், வீட்டாரோடு தொடர்பு கொள்ளும் வழியைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கோட்டைக்கும் மடாலயத்துக்கும் இடைப்பட்ட பழைய தெருவில், வீட்டு வாசல்களில் மாடுகள் கட்டியிருக்கும். சாணம் சுவரில் காயும். அங்கே வசிப்பவர்களின் முகத்துக்கு நேரே, கேட்காமல் கேமராவை நீட்டக் கூடாது. சோதனைச் சாவடிகளையும் படைவீரர்களையும் படமெடுக்கவே கூடாது. தலாய் லாமாவின் படங்கள் திபெத்தில் தடை செய்யப்பட்டவை. அன்பினால் கொடுத்தாலும் வாங்குபவருக்கு அது பெருந்துன்பமாக முடியும். அரசியல் கேள்விகளை வழிகாட்டியிடமோ துறவிகளிடமோ கேட்காதீர்கள். நாம் சில நாள்களில் ஊர் திரும்பிவிடுவோம்; விசாரணைக்கு அழைக்கப்படுபவரும், தொழில் உரிமத்தை இழப்பவரும் அவர்களாகவே இருப்பார்கள். பேச விருப்பமிருந்தால் பார்லி அறுவடையைப் பற்றியும், இவ்வூர் பெயர் பெற்ற கம்பள நெசவைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் கேளுங்கள். வெண்ணெய்த் தேநீரை மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டே நெடுநேரம் பேசுவார்கள்.