ஏசிபி ஷீட்டில் வீட்டுப் பெயர்ப்பலகை: மடித்துச் செய்யும் முறை

ஏசிபி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட்டை நம் ஊரில் பெரும்பாலும் கடை முகப்பை மூடத்தான் வாங்குகிறார்கள். ஆனால் கையால் மடிக்க முடிவதுதான் அதன் தனிச்சிறப்பு என்பேன். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், நடுவே பிளாஸ்டிக். பின்பக்கத் தகட்டையும் பிளாஸ்டிக்கையும் ஒரு கோட்டில் குடைந்து எடுத்துவிட்டால், முன்பக்கத் தகடு அட்டைபோல மடியும். இது பிடிபட்டால் பெயர்ப்பலகை, விளக்குக் கூடு, பூந்தொட்டி உறை எல்லாம் செய்யலாம். முதலில் பெயர்ப்பலகை.

முழு ஷீட் 8 அடிக்கு 4 அடி, அது தேவையில்லை. போர்டு செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு கிடைக்கும். 4 மி.மீ. கனம், 0.5 மி.மீ. தகடு உள்ளதாகக் கேளுங்கள். வெயில் படும் இடமென்றால் பிவிடிஎஃப் என்ற, நிறம் எளிதில் மங்காத பூச்சு வேண்டும். சாதாரணப் பூச்சு சீக்கிரம் வெளிறிவிடும்.

முகப்பின் அகலம் 18 அங்குலம், உயரம் 9 அங்குலம், சுற்றிலும் 1 அங்குல மடிப்பு. ஆகவே 20க்கு 11 அங்குலத் துண்டு வெட்டுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். பின்பக்கத்தில் நான்கு ஓரத்திலிருந்தும் 1 அங்குலம் தள்ளிக் கோடு போட்டு, மூலைகளில் வரும் சதுரங்களை வெட்டி எடுத்துவிடுங்கள்.

அடுத்தது குடைவது. வேலையின் தரம் முழுக்க இங்கேதான். ட்ரிம்மர் மெஷினில் (கையில் பிடித்து ஓட்டும் சின்ன குடையும் மெஷின்) 90 டிகிரி ‘வி’ வடிவ வெட்டுமுனை, அதாவது பிட் போட்டு, கோட்டின் நடுவில் ஓட்ட வேண்டும். பிட்டின் நுனி கூராக இல்லாமல் 2, 3 மி.மீ. தட்டையாக இருக்கட்டும். ஆழம் 3.2 மி.மீ. அதாவது முன்பக்கத் தகடும், அதன்மேல் 0.3 மி.மீ. பிளாஸ்டிக்கும் மிஞ்ச வேண்டும். அந்த மெல்லிய பிளாஸ்டிக்தான் மடிப்பில் தகடு விரிசல் விடாமல் காக்கிறது. பிளாஸ்டிக் கூடுதலாக மிஞ்சினால் மடிப்பு உருண்டையாக வரும். முதலில் வேண்டாத துண்டில் ஓட்டிப் பாருங்கள். மெஷின் இல்லாதவர்கள் கோடு போட்ட துண்டைக் கிளாடிங் வேலை (கட்டட முகப்பில் ஷீட் பொருத்துவது) செய்பவரிடம் கொடுத்தால் குடைந்து தருவார்.

குடைந்த பள்ளத்தைப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். ஒரு துகள் இருந்தாலும் மடிப்பு முழுதாக மூடாது. நேரான மரச்சட்டம் ஒன்றை ஓரத்தோடு ஒட்டிப் பிடித்து, ஒரே மூச்சில் நிதானமாக மடியுங்கள். மடித்ததைத் திரும்ப நிமிர்த்தாதீர்கள், அலுமினியம் அங்கேயே உடையும். மூலைகளின் உள்ளே சின்ன எல் ஆங்கிள் வைத்துப் பாப் ரிவெட் (துளையில் விட்டு இறுக்கும் உலோக ஆணி) அடித்தால் பெட்டி இறுகிவிடும்.

எழுத்துக்கு 3 மி.மீ. அக்ரிலிக். பெயரைத் தகட்டிலேயே துளையாக வெட்டிப் பின்னால் வெளிச்சம் கொடுக்கும் ஆசை வரும். தமிழில் அது சிரமம்: ‘க’, ‘ன’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு தனியாக உதிர்ந்துவிடும். மேலே ஒட்டுவதே அழகு. ஆனால் புள்ளிகள் தனித்தனியாக வரும் என்பதால், பெயரை அதே அளவில் தாளில் அச்சடித்துப் பலகையில் ஒட்டி, எழுத்தும் புள்ளியும் உட்காரும் இடங்களைக் கத்தியால் வெட்டித் திறந்துகொள்ளுங்கள். அந்த இடங்களில் மட்டும் ஷீட்டின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபிலிமையும் உரித்து, நியூட்ரல் சிலிகான் வைத்து ஒட்டுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் உலோகத்தை அரிக்கும்.

சுவரில் முக்கால் அங்குல மரச்சட்டத்தை அடித்து, பெட்டியை அதன்மேல் கவிழ்த்து, மேல், கீழ் மடிப்பு வழியாகத் திருகுங்கள். துளை திருகை விடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். வெப்பம் 100 டிகிரி கூடினால் ஷீட் மீட்டருக்கு 2.4 மி.மீ. நீளும். மாட்டியதும் மீதி ஃபிலிமை உரித்துவிடுங்கள். வெயிலில் விட்டால் பசை பிடித்து வராது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சாதாரண ஏசிபியின் நடுவில் இருப்பது பாலிஎத்திலீன், அது எரியும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்த தீ, இப்படிப்பட்ட ஷீட் வழியாகத்தான் மேலேறிப் பரவியது. பெயர்ப்பலகைக்குப் பயன்படுத்தலாம், அடுப்புக்குப் பின்புறமோ மீட்டர் பெட்டியைச் சுற்றியோ வேண்டாம். வீட்டின் முழுச் சுவரையும் மூடுவதாக இருந்தால் தீ பரவாத ஏ2 ரகம் கேட்டு, சான்றிதழைப் பார்த்து வாங்குங்கள்.