டச் ஸ்க்ரீன் ரிமோட் ப்ரோக்ராம் பண்றப்போ எங்க சொதப்புது

ஹோம் தியேட்டருக்கு நாமளே ஒரு டச் ஸ்க்ரீன் ரிமோட் செட் பண்ணலாம்னு உக்காந்தா முக்கால்வாசி பேர் முதல்ல திறக்கிறது டிசைன் எடிட்டரைத்தான். பேக்ரவுண்ட் படம், ஐகான், கலர், எந்த எழுத்துரு... நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ரெண்டு வாரம் அதுலயே போயிடுச்சு. ஸ்க்ரீன் நிஜமாவே அழகா வந்துச்சு. "படம் பாக்க"னு ஒரு பெரிய பட்டன், அதை அழுத்தினா மூணு தடவை எல்லாம் சரியா ஆன் ஆகும், நாலாவது தடவை ப்ரொஜெக்டர் ஆன் ஆகி ஆம்ப்ளிஃபையர் ஆஃப் ஆயிடும். ஒரே வாரத்துல வீட்ல எல்லாரும் பழைய ரிமோட்டுகளை எடுத்து மறுபடி மேசை மேல வெச்சுட்டாங்க.

அன்னைக்கு புரிஞ்சதுதான் இந்த மொத்த விஷயத்துக்கும் அடிப்படை. பட்டன்ல என்ன எழுதியிருக்கோ அது ஒவ்வொரு தடவையும் நடக்கணும். அப்படி நடக்கணும்னா எந்த கருவி இப்ப ஆன்ல இருக்கு, எது ஆஃப்ல இருக்கு, எந்த இன்புட்ல நிக்குதுனு ரிமோட்டுக்கு தெரியணும், இல்லைன்னா தெரியாமலே சரியா வேலை செய்யுற கமாண்டா பாத்து அனுப்பணும். டிசைன் எல்லாம் அதுக்கு அப்புறம்.

பெரிய தப்பு எதுன்னா டாகிள் பவர் கோடை மேக்ரோல (ஒரு பட்டனை அழுத்தினா வரிசையா போற கமாண்டுகள்) போடறதுதான். கருவியோட வந்த ரிமோட்ல பவர் பட்டன் ஒண்ணுதான் இருக்கும், ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணும், ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணும். கையில புடிச்சு அழுத்துற மனுஷனுக்கு கண்ணு இருக்கு, அதனால அது போதும். மேக்ரோவுக்கு கண்ணு கிடையாது. யாரோ ஏற்கனவே ஆம்ப்ளிஃபையரை ஆன் பண்ணி பாட்டு கேட்டுட்டு இருந்தா, "படம் பாக்க" அழுத்தினதும் அது அணைஞ்சு போகும், என் வீட்ல நடந்தது அதுதான். இதுக்கு டிஸ்க்ரீட் கோட்னு தனியா இருக்கு, ஆன்னுக்கு ஒண்ணு, ஆஃபுக்கு ஒண்ணு, ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒண்ணு. ரிமோட்ல அந்த பட்டன் இல்லைனாலும் நிறைய கருவிகளுக்கு அந்த கோட் புரியும், தயாரிப்பாளர் வெளியிடற ஐஆர் (ரிமோட் அனுப்பற இன்ஃப்ராரெட் சிக்னல்) கோட் பட்டியல்ல தேடிப் பாருங்க, ப்ரோண்டோ ஹெக்ஸ்னு ஐஆர் கோடை எண்ணா எழுதற வடிவத்துல இருந்தா பெரும்பாலான எடிட்டர்ல அப்படியே பேஸ்ட் பண்ணிக்கலாம்.

டிஸ்க்ரீட் கோட் சுத்தமா இல்லாத கருவியும் உண்டு. அதுக்கு ஒரு வழி, சில கருவி இன்புட் பட்டனையோ ப்ளே பட்டனையோ அழுத்தினா தானா ஆன் ஆயிடும், ஆன்ல இருந்தா பவர் விஷயத்துல ஒண்ணும் மாறாது. அப்போ ஆன் பண்ண அந்த பட்டன் கோடையே அனுப்புங்க. ஆஃப் பண்ணணும்னா முதல்ல அதை அனுப்பி, கருவி முழுசா எழுந்துக்கற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் டாகிள் அனுப்புங்க. எந்த நிலைமையில இருந்து ஆரம்பிச்சாலும் கடைசியில ஆஃப்லதான் வந்து நிக்கும்.

பழைய ரிமோட்டோட சிக்னலை புது ரிமோட்ல பதிவு பண்ற, அதாவது ஐஆர் கத்துக்கொடுக்கறதுலயும் ஒரு கண்ணி இருக்கு. ஆர்சி5னு ஒரு பழைய ஐஆர் முறை, பிலிப்ஸ் கொண்டு வந்தது, 36 கிலோஹெர்ட்ஸ்ல போகும், அதுல ஒவ்வொரு தடவை புதுசா அழுத்தும்போதும் ஒரு பிட் மாறும், அதை வெச்சுத்தான் கருவி இது புது அழுத்தலா இல்ல பழைய விரலே இன்னும் அழுத்திட்டு இருக்கானு கண்டுபிடிக்கும். நீங்க ரிமோட்ல இருந்து கத்துக்கொடுக்கும்போது அந்த ரெண்டுல ஒரு வடிவம்தான் பதிவாகும். அப்புறம் 5ஐ ரெண்டு தடவை அழுத்தி 55க்கு போகலாம்னு பாத்தா ஒரு 5தான் வரும், ரிமோட் கெட்டுப்போச்சு, பேட்டரி போச்சுனு மணிக்கணக்கா தேடுவோம், ஆனா கோட் சரியாத்தான் இருக்கு, அந்த ஒரு பிட்தான் மாறல. இந்த மாதிரி கருவிக்கு கத்துக்கொடுக்காம, எடிட்டர்ல இருக்கிற ரெடிமேட் ஆர்சி5 கோடை எடுத்துக்கணும், அது பிட்டை தானா மாத்திக்கும். சோனி முறைல வேற மாதிரி, அது 40 கிலோஹெர்ட்ஸ், ஒரே சிக்னலை மூணு தடவையாவது அடுத்தடுத்து அனுப்பணும், ஒரு தடவை மட்டும் அனுப்பினா நிறைய கருவி கண்டுக்காது. இன்னொண்ணு, கத்துக்கொடுக்கும்போது பட்டனை ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சா ரிப்பீட்டும் சேந்து பதிவாகி, பின்னாடி மெனுல ஒரு அடி போகச் சொன்னா ரெண்டு அடி தாவும். சும்மா ஒரு தட்டு போதும்.

முடிஞ்ச இடத்துல ஐஆரை விட்டுட்டு நெட்வொர்க்கோ ஆர்எஸ்-232வோ (கருவியோட நேரா பேசற சீரியல் கேபிள்) பயன்படுத்துங்க, ஏன்னா அது பதில் சொல்லும். ப்ரொஜெக்டரை எடுத்துக்கோங்க. பிஜேலிங்க்னு ஒரு பொதுவான முறை இருக்கு, பல கம்பெனி ப்ரொஜெக்டர்ல வரும், நெட்வொர்க்ல அது பேசறது டிசிபி போர்ட் 4352ல. பவர் எப்படி இருக்குனு கேட்டா ஒரு எண் திருப்பி அனுப்பும், 0ன்னா ஆஃப், 1ன்னா ஆன், 2ன்னா ஆறிட்டு இருக்கு, 3ன்னா சூடாகிட்டு இருக்கு. இந்த ஒரு எண்ணை மட்டும் சரியா பயன்படுத்தினாலே பாதிப் பிரச்சனை தீந்துடும். 3ல இருக்கும்போது இன்புட் மாத்தச் சொன்னா நிறைய ப்ரொஜெக்டர் மறுத்துடும். அதனாலதான் நாம மேக்ரோல 40 செகண்ட் டிலேனு குத்துமதிப்பா போடறோம். அது ஒரு நாள் பத்தாது, இன்னொரு நாள் சும்மா காத்திருப்போம். அதுக்கு பதிலா ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை கேளுங்க, 1 வந்ததும் இன்புட் மாத்துங்க. அதோட, ரொம்ப மெதுவா எழுந்திருக்கிற கருவிய மேக்ரோல முதல்ல போடுங்க, அது சூடாகுற நேரத்துல மத்த வேலை எல்லாம் முடிஞ்சிடும். அந்த நேரத்துல ஸ்க்ரீன்ல "தயாராகுது"னு எழுத்து வந்தே ஆகணும். ஒண்ணும் நடக்காத மாதிரி தெரிஞ்சா யாரா இருந்தாலும் மறுபடி அழுத்துவாங்க, அது தப்பில்ல.

நெட்வொர்க்னு வந்தா சின்னச் சின்ன விஷயம் நிறைய இருக்கு. ரூட்டர்ல எல்லா கருவிக்கும் ஐபி முகவரிய நிலையா ஒதுக்கி வெச்சுடுங்க, இல்லைனா ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி எதுவும் வேலை செய்யாது. கருவியோட மெனுல நெட்வொர்க் ஸ்டாண்ட்பை ஆன்ல இருக்கானு பாருங்க, இல்லைனா ஆஃப் பண்ணினதுக்கு அப்புறம் அது காதை மூடிக்கும், ஆன் பண்ணவே முடியாது. சில ரிசீவர் (இன்புட் மாத்தறதும் ஆம்ப்ளிஃபையரும் சேந்த பெட்டி) ஒரு நேரத்துல ஒரே ஒரு கனெக்‌ஷன்தான் ஏத்துக்கும், ரெண்டாவது டேப்லெட் சேத்ததும் முதல் டேப்லெட் ஊமையாயிடும், அப்போ நடுவுல ஒரு சின்ன சர்வர் வெச்சு எல்லா ஸ்க்ரீனும் அது வழியா பேசறதுதான் சரி.

எச்டிஎம்ஐ சிஇசிய மறந்துடாதீங்க. டிவி, ப்ளேயர், ரிசீவர் எல்லாம் அந்த கேபிள் வழியாவே ஒண்ணுக்கொண்ணு ஆன் பண்ணிக்கும், இன்புட்டையும் மாத்திக்கும். கம்பெனிக்கு கம்பெனி பேர் வேற, அனிநெட் ப்ளஸ், சிம்ப்ளிங்க், பிராவியா சிங்க்னு எல்லாம் இருக்கும், ஆனா விஷயம் ஒண்ணுதான். உங்க மேக்ரோ ஒரு இன்புட்டுக்கு போகும், அதே நேரத்துல சிஇசி வேற இன்புட்டுக்கு இழுக்கும். ரெண்டுல ஒண்ணுதான் ஆளணும். நான் எப்பவும் சிஇசிய அணைச்சுட்டுத்தான் ஆரம்பிப்பேன், டிவி சத்தத்தை ரிசீவருக்கு அனுப்ப ஏஆர்சி தேவைப்பட்டா மட்டும்தான் அதை விட்டு வைப்பேன்.

அடுத்து வால்யூம் ஸ்லைடர். பாக்க ரொம்ப நல்லா இருக்கும், ஆனா இதுலதான் நிஜமான ஆபத்து இருக்கு, ஸ்பீக்கருக்கும் காதுக்கும். விரலை வெச்சு இழுக்கும்போது ஆப் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கமாண்ட் அனுப்பும், செகண்டுக்கு அம்பது அறுபது கூட போகும், ரிசீவர் அவ்ளோ வேகமா வாங்காது, எல்லாம் வரிசையில நிக்கும். விரலை எடுத்ததுக்கு அப்புறமும் சத்தம் ஏறிட்டே போகும், பயந்து போய் கீழ இழுத்தா அந்த கமாண்டும் வரிசையோட கடைசியிலதான் போய் நிக்கும். அதனால 100 மில்லிசெகண்டுக்கு ஒண்ணுக்கு மேல அனுப்பாதீங்க, நடுவுல வந்த பழைய மதிப்பை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு கடைசி மதிப்பை மட்டும் அனுப்புங்க. ஸ்லைடர் மேல சும்மா தட்டினா அந்த இடத்துக்கு தாவக் கூடாது, பிடிச்சு இழுத்தா மட்டும்தான் நகரணும். மேல ஒரு உச்ச வரம்பு வைங்க. அளவுகோலையும் சரி பாருங்க, சில ரிசீவர்ல 80ங்கிறதுதான் 0 டெசிபல், 45 அனுப்பினா -35 டெசிபல், இதை 0 முதல் 100 சதவீதம்னு நினைச்சு கட்டினா ஸ்லைடர்ல முக்கால் தாண்டினதுமே வீடு அதிரும். ப்ளஸ் மைனஸ் பட்டனை அழுத்திப் பிடிக்கற முறைல "ஏத்து", "நிறுத்து"னு ரெண்டு கமாண்டா அனுப்பறதும் வேணாம், வைஃபைல அந்த "நிறுத்து" தொலைஞ்சு போனா சத்தம் நிக்காது. பிடிச்சிருக்கற வரைக்கும் ஒவ்வொரு படியா அனுப்பினா போதும்.

ஸ்க்ரீன் பத்தி பெருசா சொல்ல இல்ல. இருட்டுல பயன்படுத்தற பொருள், அதனால கருப்புப் பின்னணி. பட்டன் 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும், ஆண்ட்ராய்டு சொல்ற 48 டிபி (ஸ்க்ரீன்ல அளவு சொல்ற அலகு) ஏறக்குறைய அதுதான். வால்யூமும் மியூட்டும் எந்தப் பக்கத்துக்கு போனாலும் ஒரே இடத்துல இருக்கணும், முடிஞ்சா நிஜ பட்டன் இருக்கற ரிமோட்டா எடுங்க, படத்துல இருந்து கண்ணை எடுக்காம கையால தடவி அழுத்த முடியும். பேர் வைக்கும்போது "எச்டிஎம்ஐ 2"னு வைக்காதீங்க, "கேம்", "பாட்டு"னு செய்யப்போற வேலையோட பேரை வைங்க.

எல்லாத்தையும் இன்டர்நெட்ல இருக்கற சர்வரை நம்பி கட்டறதும் எனக்கு சரியா படல. லாஜிடெக் 2021ல அவங்க சர்வரை நம்பியிருந்த ஹார்மனி ரிமோட் தயாரிப்பை நிறுத்தினப்போ எத்தனை பேருக்கு வயித்துல புளியைக் கரைச்சுச்சு. வீட்டுக்குள்ளயே ஓடற ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி ஒரு சாஃப்ட்வேர்ல கட்டினா நெட் லைன் போனாலும் படம் ஓடும்.

கட்டி முடிச்சதும் வீட்ல இருக்கற ஒருத்தர் கையில குடுத்துட்டு பேசாம உக்காருங்க. நான் எங்கம்மாகிட்ட குடுத்தேன். அவங்க "படம் பாக்க" அழுத்தினாங்க, படம் வந்துச்சு, நிறுத்தணும்னதும் மறுபடி அதே பட்டனையே அழுத்தினாங்க, ஏன்னா டிவி ரிமோட்ல அப்படித்தானே. அந்தப் பக்கத்துல அணைக்கற பட்டனே இல்ல, முதல் பக்கத்துக்கு திரும்பிப் போனாத்தான் இருக்கு. எனக்கு பழகிப்போனதால மாசக்கணக்கா அது கண்ணுல படவே இல்ல. அன்னைக்கு ராத்திரியே எல்லாப் பக்கத்துலயும் மேல வலது மூலைல "எல்லாம் ஆஃப்" வெச்சேன், தெரியாம கை பட்டா அணையக் கூடாதுனு ஒரு செகண்ட் அழுத்திப் பிடிக்கற மாதிரி. மாத்தறதுக்கு முன்னாடி பழைய ப்ராஜெக்ட் ஃபைலை தேதி போட்டு தனியா காப்பி எடுத்து வெச்சுக்கிட்டேன், நீங்களும் எதையாவது மாத்தறதுக்கு முன்னாடி அதை பண்ணிடுங்க.