பிற்பகலில் மட்டும் ஷார்ட் ஆன பாயிண்ட்

மாடி அறையில் அமைத்த 16.5 மி.மீ. அகல மாதிரி ரயில் தடத்தில் நான்கு நாட்கள் என்னை அலைக்கழித்த கோளாறு இது. காலையில் எந்தக் குறையுமின்றி ஓடிய எஞ்சின், பிற்பகலில் பாயிண்ட்டை (தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் ரயிலைத் திருப்பும் அமைப்பை) நேர்ப்பாதைக்குத் திருப்பிய கணமே நின்றது. தடத்துக்கு மின்சாரம் தரும் கண்ட்ரோலரின் ஓவர்லோட் விளக்கும் எரிந்தது. கிளைப்பாதைக்குத் திருப்பினால் எல்லாம் சரியாக இருந்தது.

தண்டவாளத்தை ஆல்கஹாலால் துடைத்தேன், பாயிண்ட் மோட்டாரின் சுவிட்சை மாற்றினேன், கம்பிகளை மறுபடி சால்டர் செய்தேன், பலனில்லை. ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு எஞ்சினை எடுத்துவிட்டு, கண்ட்ரோலரையும் கழற்றி, ஃபிராக் எனப்படும் வி வடிவ முனைக்கும் கிளைப்பாதையின் உட்புறத் தண்டவாளத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தபோது, இரண்டுக்கும் மின்தொடர்பு இருப்பதைக் காட்டி அது ஒலித்தது. பாயிண்ட் நேர்ப்பாதைக்குத் திரும்பியிருக்கும்போது இவ்விரண்டும் எதிரெதிர் துருவங்களாக இருக்க வேண்டும்; அவற்றைப் பிரிக்க நான் அறுத்திருந்த அரை மி.மீ. இடைவெளியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மயிரிழைகூட மிஞ்சவில்லை.

நிக்கல் சில்வர் தண்டவாளம் வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.16 மி.மீ. நீளும். என் கிளைப்பாதை இரண்டு மீட்டருக்கு மேல். மறுமுனையில் நகராதபடி ஆணியடித்திருந்ததால் நீட்சி முழுவதும் இந்த இடைவெளிக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

இடைவெளியை ஒரு மி.மீ. ஆக்கி, பிளாஸ்டிக் துண்டைச் சூப்பர் பசையால் ஒட்டி, தண்டவாளத்தின் வடிவத்துக்கே அரத்தால் தேய்த்தேன். நடுவில் இரண்டு இணைப்புகளின் சால்டரை நீக்கி, நீள்வதற்கு இடம் விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனி மின்கம்பி கொடுத்தேன். மூன்று வாரப் பிற்பகல்களில் அந்த விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.